ஆரஞ்சு கைப்பிடி, ஒரு முனையில் கொக்கி: இந்தப் பட்டன் கத்தியை வைத்துக்கொள்ளலாமா?

வைகைக்கரை (சான் அன்டோனியோ, டெக்சஸ்)

வணக்கம். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அமெரிக்க விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமான பிறகு வீட்டைக் காலிசெய்த மகள், அவருடைய கருவிப் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்பேனர்களுக்கு அடியில் ஒரு மடக்குக் கத்தி கிடந்தது. பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் கைப்பிடி. ஒரு முனையில் கயிறு கோக்க வளையம். இரண்டு அலகுகள் இருக்கின்றன. ஒன்று கொக்கி போல வளைந்து, உள்பக்கம் மட்டும் கூர்மையாக இருக்கிறது. இன்னொன்று கைப்பிடியில் உள்ள பொத்தானை அழுத்தியதும் படாரென்று வெளியே வருகிறது. பொத்தானுக்குப் பக்கத்தில் நகர்த்தும் தாழ்ப்பாள் ஒன்றும் உண்டு. அலகில் ஆங்காங்கே துரு.

இது என்ன கத்தி? ஏதாவது விலை பெறுமா? சட்டப்படி நான் வைத்திருக்கலாமா? கோயம்புத்தூரில் இருக்கும் தம்பிக்குப் பழைய கருவிகள் என்றால் உயிர். டிசம்பரில் ஊருக்குப் போகும்போது அவனுக்குக் கொண்டுபோக ஆசை.

பழங்கத்தி (பென்சில்வேனியா)

கொக்கி அலகும் ஆரஞ்சு கைப்பிடியும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். அது எம்.சி.-1. விமானிகளுக்கு அமெரிக்க ராணுவம் கொடுத்த உயிர்காப்புக் கத்தி.

அதன் வேலையைச் சொன்னால்தான் வடிவம் புரியும். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கும் விமானி மரத்தில் மாட்டிக்கொள்ளலாம், தண்ணீரில் விழுந்து கயிறுகளுக்குள் சிக்கலாம். ஒரு கை உடைந்திருக்கவும் கூடும். கொக்கியைக் கயிற்றில் மாட்டி இழுத்தாலே அறுந்துவிடும்; கூர் உள்பக்கம் இருப்பதால் உடம்பையோ, மிதவை உடையையோ கிழிக்காது. அவசரத்தில் தேடித் திறக்க வேண்டியிராதபடி, கொக்கியைத் திறந்த நிலையிலேயே பையில் வைத்திருப்பார்கள். பொத்தான் அலகு அதற்குப் பிறகு வரும் வேலைகளுக்கு. ஒரே கையால் திறக்க முடிய வேண்டும் என்பதற்காகவே ஸ்பிரிங் வைத்தார்கள். புல்லிலும் தண்ணீரிலும் விழுந்தால் கண்ணில் பட வேண்டும் என்றுதான் அந்த ஆரஞ்சு நிறம்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். பொத்தான் அலகைத் திறந்துவைத்து, அது கைப்பிடிக்குள் நுழையும் அடிப்பகுதியைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கம்பெனி முத்திரை அங்கேதான் இருக்கும். காமிலஸ், ஷ்ரேட் வால்டன், லோகன்-ஸ்மித் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். முத்திரை தெரியவில்லை என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட வேண்டாம். அந்த எழுத்துகள் போனால் பாதி விலை போனது போலத்தான்.

உலைக்களம் (சிவகங்கை)

துருவைப் பற்றி நான் சொல்கிறேன். திருப்பாச்சேத்தி அருவாள் அடித்த குடும்பம் எங்களுடையது. பழைய இரும்பில் இரண்டு நிறம் உண்டு. கருஞ்சாம்பலாக, வழவழப்பாகப் படர்ந்திருப்பது இரும்பு தன்மேல் தானே போட்டுக்கொண்ட போர்வை, அதைத் தொடாதீர்கள். செங்கல் நிறத்தில் பொடிப்பொடியாக உதிர்வதுதான் துரு. தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், நாளாவட்டத்தில் பிசுபிசுத்துவிடும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் பருத்தித் துணியால் துடையுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் துருவை மூங்கில் குச்சியின் முனையால் சுரண்டினால் வந்துவிடும். கம்பி பிரஷ், எமரித் தாள், மின்சாரச் சாணைக்கல் எதுவும் அருகில் வரக் கூடாது.

சாணை பிடித்துத் தேய்ந்த அலகு சொந்த வடிவத்தை இழந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, கத்தியை மூடிப் பார்ப்பது. அலகின் முனை கைப்பிடிக்குள் எங்கே போய் உட்காருகிறது, ஓரத்துக்கும் கைப்பிடிக்கும் எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று கவனியுங்கள். அளவுக்கு மீறிய இடைவெளி இருந்தால் பலமுறை சாணை பிடித்திருக்கிறார்கள்.

வைகைக்கரை

ஐயா, மிக்க நன்றி. பார்த்தேன். "காமிலஸ்" என்ற எழுத்தும் அதன் கீழே "என்.ஒய்." என்பதும் தெரிகின்றன. இடைவெளி எதுவும் பெரிதாக இல்லை. கொக்கியின் கூர் புதிதுபோல இருக்கிறது, யாரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

பழங்கத்தி

நல்ல செய்தி. காமிலஸ் நியூயார்க் மாநிலத்தில் இருந்த பழைய கம்பெனி, 2007இல் மூடப்பட்டது. எம்.சி.-1 கத்திகளில் சந்தையில் அதிகம் கிடைப்பது அவர்களுடையதே. அதனால் இது அபூர்வப் பொருள் ஆகாது. ஆனால் நேர்மையான, நல்ல பொருள். கைப்பிடியில் விரிசல் இல்லாமல், ஸ்பிரிங் தளராமல், இரண்டு அலகும் முழுதாக இருந்தால் நூறிலிருந்து இருநூறு டாலருக்குள் கைமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பெட்டியும் உறையும் இருந்தால் இன்னும் கூடும்.

விலை பார்க்கும்போது விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள், கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஐநூறு டாலர் என்று அட்டை மாட்டி ஆண்டுக்கணக்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் கத்திகள் உண்டு. ஈபேயில் தேடிப் பயனில்லை, பட்டன் கத்திகளை அங்கே விற்க அனுமதி கிடையாது. கத்திகளுக்கென்றே நடக்கும் ஏலங்களிலும் கண்காட்சிகளிலும் முடிந்த விற்பனைகளைத்தான் நம்பலாம்.

எல்லாவற்றையும் விட ஒன்று. அந்தப் பெரியவரின் மகளிடம் பேசி, அவர் எந்தத் தளத்தில், எந்த ஆண்டுகளில், எந்த விமானங்களில் வேலை பார்த்தார் என்று எழுதி வாங்கிவையுங்கள். சீருடையில் எடுத்த ஒரு புகைப்படத்தின் நகல் கிடைத்தால் இன்னும் நல்லது. யாருடைய கத்தி என்ற விவரம் இல்லாவிட்டால் ஆயிரத்தில் ஒன்று. விவரம் சேர்ந்துவிட்டால் அது ஒரு மனிதரின் உடைமை. விலைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

கார்த்திகைப்பூ (டாலஸ்)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வீட்டில் வளரும் பிள்ளைகள் இருக்கும்போது பட்டன் கத்தி எதற்கு? ரவுடிகள் வைத்திருக்கும் பொருள் என்றுதான் நாம் கேள்விப்பட்டு வளர்ந்தோம். அதைத் தடைசெய்த நாடுகளும் காரணமில்லாமலா செய்திருக்கும்? பெரியவரின் நினைவாக ஸ்பேனர்களை வைத்துக்கொண்டால் போதாதா?

பழங்கத்தி

அக்கா, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூட்டிவைக்க வேண்டும் என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். சமையலறைக் கத்திக்கும் அதே விதிதான். ஆனால் ரவுடிப் பொருள் என்ற பெயர் வந்த வரலாறு வேறு.

ஜார்ஜ் ஷ்ரேட் என்பவர் 1890களில் நியூயார்க் மாநிலத்தில் பொத்தான் வைத்த மடக்குக் கத்திகளைச் செய்யத் தொடங்கினார். நகம் உடையாமல் திறக்கலாம், ஒரு கை வேலையில் இருக்கும்போது மறுகையால் திறக்கலாம் என்பதுதான் விற்பனைக்கான காரணம். விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் வாங்கினார்கள். இரண்டாம் உலகப்போரில் பாராசூட் வீரர்களுக்கு எம்-2 என்ற பொத்தான் கத்தியைக் கொடுத்தார்கள். சட்டையில் கழுத்துக்குக் கீழே ஜிப் வைத்த தனிப் பையே அதற்கென்று தைக்கப்பட்டது.

போர் முடிந்து இத்தாலியிலிருந்து திரும்பிய வீரர்கள், மனியாகோ போன்ற ஊர்களில் செய்த நீண்ட ஒல்லியான ஸ்டிலெட்டோ கத்திகளை நினைவுப்பொருளாகக் கொண்டுவந்தார்கள். பின்னாலேயே இறக்குமதியும் வந்தது. 1950இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை நாடெங்கும் பீதியைக் கிளப்பியது. திரைப்படங்களும் சேர்ந்துகொண்டன. 1954இல் நியூயார்க் மாநிலம் தடைசெய்தது. 1958இல் மத்தியச் சட்டம் வந்தது. குத்துக்காயங்களில் பொத்தான் கத்திக்கு எவ்வளவு பங்கு என்று எண்ணிப் பார்த்துச் செய்த தடை அல்ல அது. பயத்தில் பிறந்த தடை. இது என் கருத்து; மறுப்பவர்கள் மறுக்கலாம்.

அந்தச் சட்டத்துக்குள்ளேயே ராணுவத்துக்கு விலக்கு உண்டு. ஒரே கை உள்ளவர், 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகு கொண்ட பொத்தான் கத்தியைத் தன்னோடு எடுத்துச் செல்லலாம் என்ற விலக்கும் உண்டு. ஸ்பிரிங்கால் யாருக்குப் பயன் என்பது சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

கார்த்திகைப்பூ

ஒரே கை உள்ளவருக்கான விலக்கு இருப்பது எனக்குப் புதிய செய்தி. அது நியாயமாகப் படுகிறது. ஆனாலும் என் வீட்டுக்குள் வேண்டாம் என்பதில் மாற்றம் இல்லை.

நடுவழி (ஆஸ்டின், டெக்சஸ்)

டெக்சஸ் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். 2013 செப்டம்பர் 1 முதல் பொத்தான் கத்திகள் மீதான மாநிலத் தடை நீங்கிவிட்டது. வைத்திருக்கலாம், வாங்கலாம், விற்கலாம். 2017இல் வந்த இன்னொரு திருத்தம், அலகு ஐந்தரை அங்குலத்துக்கு மேல் நீளும் கத்திகளைப் பள்ளி முதலான சில இடங்களுக்குக் கொண்டுபோகத் தடை விதிக்கிறது. வைகைக்கரை நண்பரின் கத்தி அந்த அளவுக்கு வராது.

ஆனால் சான் அன்டோனியோவில் இருப்பவர் ஒன்றை மறக்கக் கூடாது. அங்கே விமானப்படைத் தளம் இருக்கிறது. மத்திய அரசின் தனி அதிகாரத்துக்கு உட்பட்ட நிலங்களில் பொத்தான் கத்தியை வைத்திருப்பதையே 1958ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்குகிறது. பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களிலும் அப்படியே. விமானப்படையின் கத்திதானே என்று காரில் போட்டுக்கொண்டு தளத்துக்குள் நுழைந்துவிடாதீர்கள்.

வேறு மாநிலத்தில் விற்பதும் அதே சட்டத்தின்கீழ் வரும், ஏனென்றால் அந்தச் சட்டம் குறிவைப்பதே மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைத்தான். அரசாங்க அஞ்சல் வழியே அனுப்புவது இன்னொரு தனிக் குற்றம். விற்க நினைத்தால் டெக்சஸுக்குள்ளேயே, நேரில், கைக்குக் கை விற்றுவிடுவது நிம்மதி.

மேப்பிள் (ஸ்காபரோ, கனடா)

டெட்ராய்ட் வழியாகக் காரில் வரும் உறவினர்களுக்காக இதை எழுதுகிறேன். கனடாவில் பொத்தானை அழுத்தியோ, புவியீர்ப்பாலோ, கையை வீசியோ திறக்கும் கத்தி தடைசெய்யப்பட்ட ஆயுதம். அலகு எவ்வளவு நீளம் என்ற கேள்வியே எழாது. எல்லையில் பறிமுதல் செய்வார்கள், அதோடு முடியும் என்றும் சொல்ல முடியாது. எங்கள் ஊர்ப் பையன்கள் அமெரிக்காவில் கடையில் வெளிப்படையாக விற்கிறார்கள் என்று வாங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

தேம்ஸ்நதி (ஹாரோ, லண்டன்)

இங்கே நிலைமை இன்னும் கடுமை. 1959ஆம் ஆண்டுச் சட்டம் பொத்தான் கத்திகளைச் செய்வது, விற்பது, வாடகைக்கு விடுவது, கடன் கொடுப்பது, அன்பளிப்பாகத் தருவது, இறக்குமதி செய்வது எல்லாவற்றையும் தடுத்தது. ஆனால் ஏற்கெனவே வீட்டில் இருப்பதை வைத்துக்கொள்ளலாம் என்ற இடைவெளி அறுபது ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. 2021 ஜூலை 14 முதல் அந்தக் கதவும் மூடிவிட்டது. இப்போது சொந்த வீட்டு அலமாரிக்குள் இருந்தாலும் குற்றம்.

என் மாமனார் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் இத்தாலியில் வாங்கிய ஸ்டிலெட்டோ ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. தேன் நிறக் கொம்புக் கைப்பிடி, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே நரம்பு ஓடுவதுபோல் தெரியும். 2020 டிசம்பர் 10 முதல் 2021 மார்ச் 9 வரை, இழப்பீட்டோடு ஒப்படைக்கும் ஏற்பாட்டை அரசாங்கம் அறிவித்திருந்தது. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம். அவர் பொருள் போனதில் இன்றைக்கும் வருத்தம் இருக்கிறது. ஆனால் பேரப்பிள்ளைகளின் பெயரில் ஒரு வழக்கு வருவதைவிட இது மேல்.

இன்னொன்று. அந்தத் திருத்தத்தில் பொத்தான் கத்தி என்பதன் வரையறையையும் விரித்துவிட்டார்கள். பாதி திறந்த பிறகு ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும் வகையும் இப்போது அதற்குள் அடங்கும். அமெரிக்காவில் சட்டபூர்வமாக விற்கும் பல மடக்குக் கத்திகள் இங்கே மாட்டிக்கொள்வது இதனால்தான்.

கற்கும்_கை (மதுரை)

பாதி திறந்த பிறகு ஸ்பிரிங் இழுப்பது என்றால் என்ன? இரண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரிந்துகொள்வது?

பழங்கத்தி

இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான். மூடிய நிலையில் ஸ்பிரிங் அலகை எந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். உண்மையான பொத்தான் கத்தியில், ஸ்பிரிங் எப்போதும் அலகை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பொத்தானோடு சேர்ந்த ஒரு சிறு கொண்டிதான் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. கொண்டி விலகிய கணமே அலகு பாயும்.

உதவி ஸ்பிரிங் கத்தியில், மூடிய நிலையில் அலகு உள்ளேயே இருக்க விரும்பும். விரலால் அலகையே தள்ள வேண்டும். ஓரளவு வெளியே வந்த பிறகுதான் ஸ்பிரிங் பக்கம் மாறி மீதியைத் திறக்கும். உறுதி செய்ய, அலகை மிக மெதுவாக ஒரு நூல் அளவு வெளியே எடுத்து விட்டுவிடுங்கள். திரும்ப உள்ளே போனால் உதவி ஸ்பிரிங் வகை. அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 2009இல் சேர்த்த விலக்கு இந்த "மூடிக்கொள்ளும் சாய்வை" அடிப்படையாகக் கொண்டதே. கெர்ஷா நிறுவனத்தின் ஸ்பீட்சேஃப் கத்திகள் இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு.

முன்பக்கமாக நேரே வெளிவரும் கத்திகளும் உண்டு. மைக்ரோடெக் செய்பவை பெயர்பெற்றவை. அவை எந்த வாதத்தாலும் பொத்தான் கத்திகளே.

இத்தாலிய ஸ்டிலெட்டோக்களில் பழையதையும் புதியதையும் பிரிக்க, மூடும் விதத்தைப் பாருங்கள். பழைய வகையில், முதுகுப்புறத்தில் உள்ள பூட்டு நாக்கைச் சிறு நெம்பி போன்ற உறுப்பால் தூக்கினால்தான் அலகு மடங்கும். பிற்காலத்தவற்றில், அலகின் அருகில் உள்ள உலோகக் கழுத்தைப் பக்கவாட்டில் திருகினால் பூட்டு விடும். சேகரிப்பவர்கள் தேடிப் போவது முதல் வகையை. அதனாலேயே புதிதாக அப்படிச் செய்து பழையதென்று விற்பவர்களும் இருக்கிறார்கள். கைப்பிடிக்குள் எட்டிப் பாருங்கள். வெளியே கொம்பு மங்கியிருக்க, உள்ளே பித்தளைத் தகடு மட்டும் புதுத் தங்கம் போல மின்னினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது நடையைக் கட்டுங்கள்.

அளவிலும் ஒரு சிக்கல். ஒன்பது அங்குல ஸ்டிலெட்டோ என்றால் திறந்த நிலையில் முழு நீளம் ஒன்பது அங்குலம். அலகு ஏறத்தாழ நான்குதான் இருக்கும். சட்டங்கள் பெரும்பாலும் அலகின் நீளத்தைக் கேட்கின்றன. கலிபோர்னியாவில் பொத்தான் கத்தியின் அலகு 2 அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும்.

ஷ்ரேட் கத்தி கிடைத்தால் முத்திரையைப் படியுங்கள். 1946 வாக்கில் கம்பெனி கைமாறி, பெயர் ஷ்ரேட் வால்டன் ஆனது. அதற்கு முந்தைய "ஷ்ரேட் கட் கோ" முத்திரை உள்ளவை மதிப்பு மிக்கவை. "பிரெஸ்டோ" என்று இருந்தால் அது பிரிட்ஜ்போர்ட்டில் ஜார்ஜ் ஷ்ரேட் தனியாக நடத்திய கம்பெனியுடையது. அதையே எம்-2 ராணுவக் கத்தி என்று விற்க வந்தால், வளையம் இருக்கிறதா, பிற்பாடு மாட்டியதா என்று நிதானமாகப் பாருங்கள். பொதுச் சந்தைக்குச் செய்த கத்தியில் வளையத்தைச் சேர்த்து ராணுவக் கத்தியாக்குவது பழைய வித்தை.

யமுனைத்தமிழ் (புதுடெல்லி)

வழக்கறிஞர் என்ற முறையில், தம்பிக்குக் கொண்டுபோகும் யோசனைக்கு மட்டும் பதில் சொல்கிறேன். வேண்டாம்.

ஆயுதச் சட்டம், 1959இல் ஆயுதம் என்பதற்குள் கூர்முனை ஆயுதங்களும் அடங்கும். வீட்டு உபயோகத்துக்கோ, விவசாயத்துக்கோ மட்டுமே செய்யப்பட்ட பொருள்களுக்கு விலக்கு உண்டு. ராணுவத்துக்காகச் செய்த பொத்தான் கத்தியை அந்த விலக்குக்குள் கொண்டுவர வாதாடலாம். ஆனால் அந்த வாதம் நடப்பது விமான நிலையச் சுங்கத்தில், உங்கள் விடுமுறை நாள்களில். உரிமம் இல்லாமல் ஆயுதத்தை நாட்டுக்குள் கொண்டுவருவதை அதே சட்டத்தின் 10ஆவது பிரிவு தடுக்கிறது.

பலர் 9 அங்குல விதியை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் அட்டவணையில் 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலத்தைத் தாண்டும் அலகுகள் குறிப்பிடப்பட்டிருப்பது உண்மை. ஆனால் 4ஆவது பிரிவின்கீழ் குறிப்பிட்ட பகுதிகளுக்குத் தனி அறிவிக்கை வெளியிடலாம். டெல்லியில் 1980இல் அப்படி வந்ததுதான், 7.62 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளம், 1.72 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் அகலம் உள்ள ஸ்பிரிங் கத்தி, கராரிதார் கத்தி, பட்டன்தார் கத்தி ஆகியவற்றுக்கான தடை. மீறினால் 25ஆவது பிரிவின்கீழ் வழக்கு. இங்கே நீதிமன்றங்களில் நான் பார்க்கும் கத்தி வழக்குகளில் அளவுகோல் பிடித்து வரைந்த கத்திப் படம் ஒன்று கோப்பில் இருக்கும், வாதமெல்லாம் மில்லிமீட்டரில்தான். ஆக, ஒரு மாநிலத்தில் பரவாயில்லை என்பதை வைத்து இன்னொரு மாநிலத்துக்குள் போகக் கூடாது. உங்கள் விமானம் டெல்லியில் நின்று போனால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள்.

கற்கும்_கை

ஐயா, கராரிதார் என்றால் ராம்பூர் கத்தியா?

யமுனைத்தமிழ்

அதேதான். உத்தரப்பிரதேசத்து ராம்பூரில் செய்வது. திறக்கும்போது பற்சக்கரம் கரகரவென்று ஒலிக்கும். அலகின் நீளத்துக்கு அங்கே கட்டுப்பாடு வந்த பிறகு தொழில் நசிந்து, கைதேர்ந்த கொல்லர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். 2023இல் ஊர்ச் சந்திப்பில் 20 அடி நீளக் கத்திச் சிலை வைத்தார்கள். கத்திக்குச் சிலை வைத்த ஊர், அதைச் செய்கிறவர்களுக்குப் பிழைப்பையும் வைத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

உலைக்களம்

அந்த ஆதங்கம் எங்கள் தெருவுக்கும் உண்டு, ஐயா.

வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டேன். கத்தி டெக்சஸை விட்டு நகராது. தம்பிக்குப் பெரியவரின் ஸ்பேனர் செட்டைக் கொண்டுபோகிறேன். அவனுக்கு அதுதான் பயன்படும். மகளிடம் இன்று பேசினேன், சீருடைப் படம் ஒன்றைத் தேடித் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. தோலுறை வாங்கி அதில் போட்டுப் பெட்டிக்குள் பூட்டிவைக்கலாமா?

பழங்கத்தி

பூட்டிவையுங்கள், ஆனால் தோலுறை வேண்டாம். பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், இரும்பைத் தின்னும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, சுத்தமான பருத்தித் துணியில் சுற்றினால் போதும். பொத்தான் பக்கத்துத் தாழ்ப்பாளைப் பூட்டிய பிறகு ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்த்து, அலகு அசையவில்லை என்று உறுதி செய்துகொண்டு வையுங்கள். புகைப்படத்தின் நகலையும் மகள் எழுதித் தரும் விவரத்தையும் அதே பெட்டிக்குள் போடுங்கள். தனித்தனியாக வைத்தால் அடுத்த தலைமுறைக்கு இரண்டும் சேர்ந்து போகாது.

நடுவழி

எழுத்தில் வாங்கும்போது "இந்தக் கத்தியை இன்னாருக்குக் கொடுத்தேன்" என்ற ஒரு வரியையும் தேதியோடு சேர்த்துக்கொள்ளுங்கள், நண்பரே. பிற்காலத்தில் விற்க நேர்ந்தால் வாங்குபவர் முதலில் கேட்பது அதுதான்.